ஏபிஎல்ஏ ரத்தப் பரிசோதனை: எந்த லேபில், எப்போது, எதைக் கேட்டு எடுப்பது

இளவயதில் காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், கரு அடுத்தடுத்துக் கலைந்த பெண்கள், காரணம் பிடிபடாமல் பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கு டாக்டர் எழுதும் சீட்டில் பெரும்பாலும் 'ஏபிஎல்ஏ' என்று இருக்கும். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி, சுருக்கமாக ஏபிஎஸ், இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு அது. உடலின் தற்காப்பு அமைப்பு தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி, வேண்டாத இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் நோய் இது. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் இதை விவரித்தார். ரத்தக்கட்டி வந்த ஒருவருக்கு இந்த முடிவு உறுதியான பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் ஆயுள் முழுக்க உறைவெதிர்ப்பு மருந்து. அவ்வளவு கனமான முடிவைத் தரும் சோதனையை, எந்த லேபில் விலை குறைவு என்று மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியாக எடுத்தால் இது நம்பத்தக்க, கொடுத்த காசுக்குத் தகுந்த சோதனை. ஆனால் தொகுப்பில் மிக மதிப்புள்ள பகுதிதான் மிக எளிதில் கெட்டுப்போகிறது. கெடுவதும் இயந்திரத்துக்குப் போகும் முன்பே. அதனால் லேபைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை முதல் 4 மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

தொகுப்பில் மூன்று சோதனைகள் இருந்தே ஆக வேண்டும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஒன்று. ஆன்டிகார்டியோலிப்பின், அதில் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு ஆன்டிபாடி வகையும். ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1, அதிலும் ஐஜிஜி, ஐஜிஎம். மூன்றும் பாசிட்டிவாக இருப்பவருக்குத்தான் ரத்தக்கட்டி ஆபத்து மிக அதிகம். டாக்டர்கள் 'டிரிபிள் பாசிட்டிவ்' என்பார்கள். ஒன்றை விட்டுவிட்டு எடுத்தால் அந்தக் கணக்கே போட முடியாது. நடைமுறையில் 'ஏபிஎல்ஏ' என்ற பெயரில் சில லேப்கள் ஆன்டிகார்டியோலிப்பினை மட்டும் செய்து கொடுக்கின்றன. வேறு சில இடங்களில் 'பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி' என்ற பொதுக் கலவைச் சோதனை. இரண்டிலும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருக்காது. ரசீது போடும் முன் மூன்று பெயரையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இல்லாத 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஏபிஎஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆன்டிபாடி அளக்கும் இரண்டு சோதனைகளும் எளியவை. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து சீரம் பிரித்து, எலிசா முறையிலோ கெமிலூமினசென்ஸ் இயந்திரத்திலோ பார்க்கிறார்கள். சீரம் குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது, கூரியரில் அனுப்பலாம், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனாலும் பாதகமில்லை. ஹெப்பாரின், வார்ஃபரின், ரிவராக்ஸபான் என எந்த உறைவெதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டும் மாறாது. வீட்டுக் கலெக்‌ஷன் சேவைக்கு இந்தப் பகுதியில் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் வேறு கதை. இங்கே ஆன்டிபாடியை நேரடியாக அளப்பதில்லை. பிளாஸ்மாவை உறைய வைத்து, எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அந்தத் தாமதத்துக்குக் காரணம், உறைதலுக்குத் தேவையான கொழுப்புப் பொருளான பாஸ்போலிப்பிட்டைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிதானா என்று ஊகித்து அறிகிறார்கள். குழாய்க்குள் உறைதலைத் தாமதப்படுத்தும் இதே ஆன்டிபாடிதான் உடலுக்குள் ரத்தத்தைக் கட்டவைக்கிறது. அதனால் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஏபிடிடி (ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் வழக்கமான சோதனை) நீண்டிருந்து, காரணம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று தெரிந்தால், கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் ரத்தப்போக்கைப் பற்றியல்ல, ரத்தக்கட்டியைப் பற்றி. கூடவே தட்டணுவோ புரோத்ராம்பினோ மிகக் குறைந்திருந்தால்தான் ரத்தப்போக்குப் பயம்.

இந்தச் சோதனைக்கு 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய். விகிதம் ரத்தம் 9, சிட்ரேட் 1. அதாவது 3 மி.லி. குழாயில் 2.7 மி.லி. ரத்தம், 0.3 மி.லி. சிட்ரேட். கோடு வரை நிரம்பவில்லையென்றால் சிட்ரேட் மிகுந்து உறைநேரம் பொய்யாக நீளும். 90 சதவீதத்துக்குக் குறைவாக நிரம்பிய குழாயை நல்ல லேப் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பியதற்குக் கோபப்படாதீர்கள், அது அந்த லேபின் தரத்துக்கு அத்தாட்சி. ஹீமோகுளோபின் மிக அதிகமாகி ஹெமாடோகிரிட் 55-க்கு மேல் போனவர்களுக்குச் சிட்ரேட்டின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். ஊதா மூடிக் குழாய்க்கு முன் நீலக் குழாயை நிரப்ப வேண்டும். நிரப்பியதும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. ஹெப்பாரின் ஊற்றிக் கழுவிய சென்ட்ரல் லைனிலிருந்து எடுத்தால் முடிவைக் குப்பையில் போடலாம். வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி சாப்பிட்ட கையோடு போனால் கொழுப்பு மிதக்கும் பிளாஸ்மாவில் ஒளி வழியாக உறைதலைப் பார்க்கும் இயந்திரம் தடுமாறும்.

அடுத்தது சுழற்றுதல். பெரும்பாலான பிழைகள் இங்கேதான். சாதாரண உறைவுச் சோதனைக்கு ஒருமுறை சென்ட்ரிபியூஜில் சுழற்றினால் போதும், இதற்குப் போதாது. முதல் சுற்று 2000 ஜி விசையில் 15 நிமிடம். மேலே உள்ள பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் பைப்பெட்டால் வேறு பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றி, 2500 ஜிக்குக் குறையாமல் மறுபடி 10 நிமிடம். பிறகும் அடியில் உள்ள கொஞ்சத்தைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். இவ்வளவு பாடும் எதற்கென்றால் மீந்திருக்கும் தட்டணுக்களை ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே கொண்டுவர. தட்டணுவின் சவ்வு முழுக்கப் பாஸ்போலிப்பிட். பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் உறையவைத்து உருக்கும்போது தட்டணு உடைந்து அந்தப் பாஸ்போலிப்பிட் வெளியே கொட்டும். ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும். விளைவு, நோய் உள்ளவருக்கு 'நெகட்டிவ்' ரிப்போர்ட். ரிப்போர்ட்டைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, எல்லா எண்ணும் அழகாகவே இருக்கும்.

இதையெல்லாம் ரத்தம் எடுத்த 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அன்றே சோதனை செய்யாவிட்டால் பிளாஸ்மாவை மைனஸ் 70 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ உறையவைத்து, உலர்பனியில்தான் அனுப்ப வேண்டும். உருக்கும்போது 37 டிகிரித் தண்ணீரில் ஐந்து நிமிடம். மேசையில் வைத்து மெதுவாக உருகவிட்டால் சில புரதங்கள் படிந்துவிடும். சுழற்றாத ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைப்பதும் தவறு. அறை வெப்பநிலைதான் சரி. காலையில் வீட்டில் ரத்தம் எடுத்து, பத்து வீடு சுற்றி, மதியம் கிளைக்குப் போய், இரவு விமானத்தில் வேறு ஊர் போகும் மாதிரிக்கு இந்த விதிகளில் எத்தனை பொருந்தும்? நடுவில் கிளையிலேயே இருமுறை சுழற்றி உறையவைக்கிறார்கள் என்றால் பரவாயில்லை. இல்லையென்றால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டுக்கு வீட்டுக் கலெக்‌ஷன் வேண்டாம். சோதனை நடக்கும் இடத்துக்கே நேரில் போங்கள், காலை வேளையில்.

மருந்துகள் அடுத்த கண்ணி. ஆஸ்பிரின் இந்தச் சோதனையைத் தொடாது, நிறுத்த வேண்டாம். ஊசியாகப் போடும் எனாக்ஸபாரின் போன்ற குறைமூலக்கூறு ஹெப்பாரின் என்றால், கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, அடுத்த ஊசிக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். டிஆர்விவிடி (பாம்பு நஞ்சை வைத்துச் செய்யும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனை) கிட்களில் ஹெப்பாரினை முறிக்கும் பொருள் பொதுவாக மில்லிலிட்டருக்கு 0.8 முதல் 1 யூனிட் வரை தாங்கும். ஏபிடிடி ரியேஜென்ட்களில் அது வழக்கமாக இருப்பதில்லை. சொட்டாக ஏறும் ஹெப்பாரினில் இருக்கும்போது எடுக்காமல் இருப்பதே நல்லது.

வார்ஃபரினும், இங்கே அசிட்ரோம் என்ற பெயரில் அதிகம் கொடுக்கப்படும் அசெனோகூமராலும் ஐஎன்ஆரை, அதாவது இந்த மருந்துகளால் ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணைப் பொறுத்தவை. 1.5-க்குக் கீழ் என்றால் அப்படியே செய்யலாம். 1.5 முதல் 3 வரை என்றால் சமஅளவு நார்மல் பிளாஸ்மா கலந்து செய்து பார்க்கலாம், ஆனால் கலந்ததில் ஆன்டிபாடியும் பாதியாகிவிடுவதால் லேசான பாசிட்டிவ் கைநழுவும். 3-க்கு மேல் போனால் செய்யவே கூடாது.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான் மாத்திரைகள்தான் இன்றைய பெரிய தலைவலி. இவற்றில் ரிவராக்ஸபான் டிஆர்விவிடி-யைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்குவதில் மிகவும் மோசம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுத்தாலும் மிச்சமிருக்கும் மருந்தே போதும். இதற்கு மாற்று உண்டு. செயலூட்டிய கரி அடங்கிய டிஓஏசி-ஸ்டாப் போன்ற பொருளைப் பிளாஸ்மாவில் போட்டுச் சுழற்றினால் மருந்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும், ஆன்டிபாடி அப்படியே இருக்கும். இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு, 'என்ன கரி?' என்று திருப்பிக் கேட்கும் லேபை விட்டு நகர்ந்துவிடலாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நிறுத்துவதா, ஹெப்பாரினுக்கு மாற்றுவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சோதனை சரியாக வரட்டும் என்று நிறுத்தி நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தால் யாருக்கு லாபம்? உங்கள் பங்குக்கு, சாப்பிடும் மருந்தின் பெயரையும் கடைசி வேளை நேரத்தையும் ரெக்விசிஷன் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத தாளை வாங்கிக்கொள்ளும் லேபைப் பற்றி நல்ல அபிப்பிராயம் சொல்ல முடியாது.

சோதனைமுறையில் இரண்டு பாதைகள் உண்டு, இரண்டும் வேண்டும். சர்வதேச ரத்த உறைவுச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. ஒன்று, பாஸ்போலிப்பிட் குறைவாகவும் சிலிக்கா தூண்டியாகவும் உள்ள ஏபிடிடி. மற்றது டிஆர்விவிடி, நம் வயல்வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சை நீர்த்து வைத்துச் செய்வது. அந்த நஞ்சு ரத்தத்தின் பத்தாம் உறைவுக் காரணியை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. கடிபட்டவரின் உறைவுப் பொருள்களை எல்லாம் தீர்த்து ரத்தம் கசியவைக்கும் அதே வேலையை, சோதனைக்குழாயில் அளவாகச் செய்யவைக்கிறார்கள். எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டாம் காரணிகளின் குறைபாடு குறுக்கே வராது என்பதுதான் இதன் பலம். 1986-ல் தியாகராஜன், பெங்கோ, ஷாப்பிரோ மூவரும் வெளியிட்ட முறை இன்றும் நிலைத்திருப்பது அதனால்தான். மாத்திரைத் தொல்லையைத் தாண்ட இன்னொரு பாம்பு ஜோடியும் உண்டு: ஆஸ்திரேலிய டைப்பான் நஞ்சும், சுருட்டை விரியன் நஞ்சிலிருந்து எடுக்கும் எக்காரினும். இரண்டும் பத்தாம் காரணியைத் தாண்டி நேராகப் புரோத்ராம்பினைத் தூண்டுவதால் ரிவராக்ஸபான், அபிக்ஸபான் பாதிப்பதில்லை. எல்லா இடத்திலும் கிடைக்கும் சோதனை அல்ல இது.

ஒவ்வொரு பாதையிலும் மூன்று படி. முதலில் ஸ்கிரீன்: பாஸ்போலிப்பிட் குறைவாக வைத்து உறைநேரம் பார்ப்பது. நீண்டிருந்தால் மிக்ஸிங்: சமஅளவு நார்மல் பிளாஸ்மா கலப்பது. காரணி குறைபாடு என்றால் நேரம் சரியாகிவிடும், தடுப்பான் இருந்தால் சரியாகாது. கடைசியில் கன்ஃபர்ம்: பாஸ்போலிப்பிட்டை அள்ளிப் போடுவது. ஆன்டிபாடி அதில் மூழ்கி, உறைநேரம் குறைந்தால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உறுதி. லேசான தடுப்பான் மிக்ஸிங்கில் மறைந்துவிடும் என்பதால், மிக்ஸிங் சரியானது என்பதை மட்டும் வைத்து நெகட்டிவ் என்று முடித்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் விகிதங்கள் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக டிஆர்விவிடி ஸ்கிரீன் 58 நொடி, அந்த லேபின் நார்மல் பிளாஸ்மா 36 நொடி என்றால் ஸ்கிரீன் விகிதம் 1.61. கன்ஃபர்ம் 38 நொடி, நார்மல் 34 என்றால் 1.12. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.44. வெட்டுமதிப்பு 1.2 என்று வைத்திருக்கும் லேபில் இது பாசிட்டிவ். அந்த 1.2-ஐக் கிட் தாளிலிருந்து பார்த்து எழுதாமல், தங்கள் இயந்திரத்தில் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவை ஓட்டி 99-வது சதமானமாகக் கணக்கிட்டோ சரிபார்த்தோ வைத்திருக்க வேண்டும். வெறும் 'நாட் டிடெக்டட்' என்று ஒரே வரியில் வரும் ரிப்போர்ட்டுக்கு முழுக் காசு கொடுக்காதீர்கள். எண்களைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பாதையில் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றாலே பாசிட்டிவ்தான்.

உடம்பு கொதிக்கும் நேரத்தில் எடுப்பது இன்னொரு பொதுவான பிழை. காய்ச்சலிலும் தொற்றிலும் ஏறும் சிஆர்பி என்ற புரதம், ஏபிடிடி ரியேஜென்ட்டின் பாஸ்போலிப்பிட்டைப் பிடித்துப் பொய்ப் பாசிட்டிவ் தரும். ரத்தக்கட்டி புதிதாக வந்த சமயத்திலும் கர்ப்பத்திலும் எட்டாம் காரணி ஏறி ஏபிடிடி-யைச் சுருக்கும், பொய் நெகட்டிவ். அப்போது எடுத்த முடிவை இறுதி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்டிபாடி அளவுகளுக்கு வருவோம். கார்டியோலிப்பின் ஐஜிஜி-யை ஜிபிஎல் யூனிட்டிலும் ஐஜிஎம்-ஐ எம்பிஎல் யூனிட்டிலும் தருவார்கள். 2023-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில், எலிசா யூனிட்டில் 40 முதல் 79 வரை மிதம், 80-ம் அதற்கு மேலும் அதிகம். 14, 18 என்று வந்து ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று அச்சானதைப் பார்த்து அழுதுகொண்டு வருபவர்கள் பலர். அந்த அளவுக்கு அந்த வகைப்பாட்டில் மதிப்பெண்ணே கிடையாது. ஐஜிஎம் மட்டும் தனியாக ஏறியிருப்பதற்கும் அதில் ஒரே ஒரு புள்ளிதான். இன்னொன்று: 40, 80 என்ற எல்லைகள் எலிசாவுக்கு மட்டும். கெமிலூமினசென்ஸ் இயந்திரம் தரும் எண்ணுக்கு அவை பொருந்தாது, ஒரே ஆளுக்கு அதில் பல மடங்கு பெரிய எண் வரக்கூடும். முதல் சோதனையை ஒரு முறையிலும் இரண்டாவதை வேறு முறையிலும் எடுத்துவிட்டு 'ஏறிவிட்டது, இறங்கிவிட்டது' என்று ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. ரிப்போர்ட்டில் முறையின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து, அதே லேபில், அதே முறையில் மறுபடி எடுக்க வேண்டும். வைரஸ் தொற்று, கோவிட், ஹெப்படைடிஸ் சி, சிபிலிஸ் போன்றவற்றுக்குப் பின் இந்த ஆன்டிபாடிகள் தற்காலிகமாகத் தோன்றி மறைவது உண்டு. சிபிலிஸுக்கான பழைய விடிஆர்எல் சோதனையின் பொய்ப் பாசிட்டிவ்களும் இந்த வம்சம்தான். அதிலும் பயன்படுவது கார்டியோலிப்பினே. ஆறு வாரத்தில் எடுத்த இரண்டாவது சோதனை எந்தப் பக்கமும் உதவாது. மறுசோதனைக்கும் சேர்த்து முதலிலேயே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப்பட்ட தொகுப்பு என்று ஐஜிஏ வகைகள், பாஸ்படிடைல்செரின், பாஸ்படிடைல்இனோசிடால், அனெக்சின் எல்லாம் சேர்த்து நீளமான பட்டியல் விற்கிறார்கள். முதல் சோதனையாக வாங்க வேண்டியவை அல்ல. பாஸ்படிடைல்செரின்-புரோத்ராம்பின் ஆன்டிபாடிக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டை மருந்து காரணமாகச் செய்யவே முடியாதவருக்கு டாக்டர் அதைக் கேட்கலாம். மற்றவற்றின் காசை 12 வார மறுசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர் மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு சேர்த்து இதை எடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். லேசான பாசிட்டிவ் ஒன்று வந்து காரணமில்லாத பயத்தைத்தான் கொடுக்கும்.

லேபின் சுவரில், லேப்களுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்ஏபிஎல் அமைப்பின் சான்றிதழ் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் சோதனை வாரியாகக் கொடுக்கப்படுவது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த உறைவுச் சோதனைகளுக்கு வேலூர் சிஎம்சி வெளித் தரமதிப்பீட்டுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதிலோ அதற்கு இணையான திட்டத்திலோ உங்கள் லேப் பங்கேற்கிறதா என்று கேட்கலாம். ரத்தவியல் துறையும் உறைவுப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை இந்த ஒரு சோதனைக்கு முதலிடத்தில் வைப்பேன். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ரிப்போர்ட் தாமதமாகும். ஆனால் குழாய் பயணம் செய்வதில்லை, சந்தேகம் வந்தால் டாக்டரும் லேபும் நேரில் பேசிக்கொள்கிறார்கள்.

உறுதியான பாசிட்டிவ் வந்தவர்களுக்குச் சோதனையின் பிடி அதோடு விடுவதில்லை. டிரிபிள் பாசிட்டிவ் நோயாளிகளிடம் ரிவராக்ஸபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட ட்ராப்ஸ் ஆய்வு, ரிவராக்ஸபான் பக்கம் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டு 2018-ல் வெளியானது. அதனால் இவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் வகைதான், ஐஎன்ஆர் 2 முதல் 3 வரை. சிக்கல் என்னவென்றால், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சிலரிடம் ஐஎன்ஆரையே பொய்யாக ஏற்றிக் காட்டும், குறிப்பாக விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் கைக்கருவியில். கருவி 4 என்று காட்டுகிறதே என்று மாத்திரையைக் குறைத்துவிட்டால், உண்மையில் மருந்து போதாமல் ரத்தக்கட்டி வரும். மருந்து தொடங்கும் முன்பே அடிப்படைப் புரோத்ராம்பின் நேரம் (பி.டி.), ஐஎன்ஆர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கைக்கருவி வாங்கினால் அதைச் சிரை ரத்த முடிவோடு சில முறையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குரோமோஜெனிக் பத்தாம் காரணி அளவைக் கேளுங்கள். ஆன்டிபாடி அதைக் குழப்பாது, சுமார் 20 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால் மருந்து சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.